முன்மாரிக்குப் பின் மூன்றாம் நாள்

விதைப்புக்கால மழை, முன்மாரி, விட்டு இன்றோடு மூன்று நாள். மண் இன்றைக்குப் பதமாக இருக்கும், நாளைக்கு இருக்காது. இதை மல்கியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இஸ்ரவேல் மலைநாட்டுக்கு ராஜாவாகி அவனுக்குப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஏர் பிடித்த கை அது. ராஜா யார் என்று சீட்டுப் போட்டு அவன் பேர் விழுந்த அன்றைக்கும் வயலில்தான் உழுதுகொண்டு நின்றான். ஆள் வந்து கூப்பிட்டதற்கு “இந்த ஒரு சால் முடியட்டும்” என்றான். பன்னிரண்டு கோத்திரத்து மூப்பர்களும் வெயிலில் காத்துக் கிடக்க, சால் முடித்து மாட்டைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் போனான். அதை எல்லாரும் அடக்கம் என்று புகழ்ந்தார்கள். அடக்கமாவது மண்ணாவது! பாதிச் சாலில் மாட்டை நிறுத்த அவனால் ஆகாது, அவ்வளவுதான் விஷயம். இப்போது படுக்கையில் கிடந்தபடியே சன்னல் வழியாக வந்த மண்வாசனையை முகர்ந்து, மேட்டு வயல் இந்நேரம் எப்படி இருக்கும், பள்ளத்து வயல் எப்படி இருக்கும் என்று மனசுக்குள்ளேயே நடந்து பார்த்துவிட்டான். பள்ளம் இன்னும் ஒரு நாள் தாங்கும். மேடு தாங்காது. ஆனால் இது ஏழாம் வருஷம். ஆறு வருஷம் விதைத்து அறுக்கலாம், ஏழாம் வருஷம் நிலம் சும்மா கிடக்க வேண்டும், அது கர்த்தர் நிலத்துக்குக் கொடுத்த ஓய்வு. கிடக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆறாம் வருஷத்து விளைச்சல் களஞ்சியத்தில் இருந்தால் அவனும் காலை நீட்டிப் படுத்திருப்பான். அந்த விளைச்சலைத்தான் வெட்டுக்கிளி தின்றுவிட்டுப் போய்விட்டதே. ஜனங்கள் பாதிப் பேர் பக்கத்து மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறோம் என்று மூட்டை கட்டுகிறார்கள். இந்த ஒரு வருஷம் விதைக்கலாமா என்று கேட்க, தீர்க்கதரிசி அசரேலை அழைத்தான். கிழவர் தாடியை உருவிக்கொண்டு சொன்னார்: “கர்த்தர்கிட்ட கேட்டுட்டு வாரேன். பிறை தெரிஞ்ச மறுநாள், பொழுது அடையறதுக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் உன் தேசத்துல ஒரு மணி மண்ணுல விழக்கூடாது. நீ பொறுத்திருந்தா, அன்னைக்கே உன் மகன் தலையில எண்ணெய் ஊத்துறேன்.” பிறை நேற்றுத் தெரிந்துவிட்டது.

அந்த எண்ணெய்தான் எல்லாம். சீட்டில் வந்த ராஜாங்கம் சீட்டோடு போகும். அவன் கண்ணை மூடினதும் மூப்பர்கள் வேறு கோத்திரத்தில் வேறு ஆளைப் பிடிப்பார்கள், புதுசாக வருகிறவன் முதல் வேலையாகப் பழைய ராஜாவின் பிள்ளையைத்தான் தேடுவான். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம், இதில் மனவருத்தப்பட ஒன்றுமில்லை, ராஜாக்கள் அப்படித்தான் சாவார்கள், அவர்கள் பிள்ளைகளும் அப்படித்தான். தீர்க்கதரிசியின் கையால் எண்ணெய் விழுந்த தலையை மட்டும் தொடமாட்டார்கள், பயம். மகன் யாமினுக்கு இருபத்திரண்டு வயசு. காலையிலேயே குளித்து, தாடியைக் கத்தரித்து, வெள்ளைச் சணல்நூல் அங்கியை உடுத்தி, அதைக் கழற்றி மடித்து வைத்து, மறுபடி உடுத்தி, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். “எண்ணெய் கண்ணுல இறங்கினா துடைக்கலாமாப்பா?” என்று கேட்டான். என்ன சொல்வது? மல்கியா அன்றைக்குத் துடைத்துக்கொண்டானா என்று அவனுக்கே ஞாபகமில்லை. எண்ணெய் எரிந்தது ஞாபகம் இருக்கிறது, கூட்டம் கத்தினது ஞாபகம் இருக்கிறது, அவிழ்க்காத மாடு தண்ணீர் குடித்திருக்குமா என்று யோசித்தது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. “மண்ணைப் பார்த்துட்டு வாரேன்” என்று செருப்பை மாட்டினான். அடுப்பங்கரையில் ஆட்டை அறுத்துப் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்த திர்சாள் தலையை நீட்டினாள். பெண்டாட்டிக்குப் புருஷன் ராஜாவானால் என்ன, மந்திரியானால் என்ன. “பார்க்கிறதுக்குக் கண்ணு போதும். கையை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க” என்றாள். அவன் சிரித்தான். “சிரிக்காதீங்க. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலைன்னு ஆகிடக் கூடாது. இன்னைக்கு ஒரு பொழுதுதானே!” ஒரு பொழுதுதான். அவனும் அதையேதான் தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தான். ஒரு பொழுது என்ன பெரிய பொழுது, பகலில் ஒரு தூக்கம் போட்டால் பாதி போய்விடும், மீதிப் பாதிக்குத் திராட்சரசம் இருக்கிறது. ஆனால் அவன் பகலில் தூங்கியதே இல்லை. தூங்குகிறவர்களைப் பார்த்தால் எழுப்ப வேண்டும்போல் இருக்கும்.

வயலுக்குப் போனதும் அவன் செய்த முதல் காரியத்தில் ஒரு குற்றமும் இல்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து, உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டான். உருண்டை நாலாக உடைந்தது. சேறாக அப்பிக்கொள்ளவில்லை, புழுதியாகவும் சிதறவில்லை. அடடா! இப்படி விழுகிற மண் வருஷத்தில் ஒரு நாள்தான், அதிலும் பாதி நாள். அவன் அப்பா இப்படித்தான் போட்டுப் பார்ப்பார், உடைந்த மண்ணைப் பார்த்து வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், தொழுவத்தைப் பார்த்து நடப்பார், அதுதான் உத்தரவு. மல்கியாவும் தொழுவத்தைப் பார்த்து நடந்தான், பழக்கம். அப்பா வளர்த்த பசுக்களின் வழியில் வந்த மயிலை, செவலை என்கிற எருதுகள் இரண்டும் அங்கே கட்டிக் கிடந்தன, மழையில் அடைந்து கிடந்து கால் மரத்துப்போயிருந்தன. காலாற நடக்கட்டும் என்று அவிழ்த்தான். மாட்டை நடத்துவது எந்தப் பிரமாணத்தில் குற்றம்? ஏர் மூலையில் சாத்தியிருந்தது. மழை ஈரத்தில் மரம் ஊறி நுகத்தடித் துளை இறுகிப்போயிருக்குமோ என்று சந்தேகம், மாட்டிப் பார்த்தால்தானே தெரியும். மாட்டினான். இறுகவில்லை, நன்றாகத்தான் இருந்தது. விதைமூட்டையை எடுத்து வெளியே வைத்தான், வாற்கோதுமையில் வண்டு விழாமல் காற்றாட வேண்டாமா? இப்படியாக எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயத்தோடு, மாடும் ஏரும் விதையும் வரப்புக்கு வந்து சேர்ந்தன. அவன் கல்லின் மேல் உட்கார்ந்து தெற்கே பாதையைப் பார்த்தான். பாதையில் யாருமில்லை. அப்போது யாசுப் ஞாபகத்துக்கு வந்தான். வரக் கூடாது என்று நினைக்கிறவன்தான் முதலில் வருவான். பத்து நாளைக்கு முன்னால், முதல் தூறல் விழுந்த அன்றைக்கே, அடிவாரத்து யாசுப் தன் வீட்டுப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் விதைக்க ஏர் கட்டிவிட்டான் என்று பிடித்து வந்தார்கள். ஆறு பிள்ளைகள் அவனுக்கு. ஊர்வாசலில் அவன் ஏரை வைத்துக் கோடாலியால் வெட்டச் சொன்னான் மல்கியா. ஏர்க்காலில் கோடாலி விழுந்த சத்தம் தன் முழங்கையில் விழுந்ததுபோல் இருந்தது. யாசுப் அழவில்லை, கெஞ்சவில்லை, ராஜாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில் காய்ப்பு இன்னும் போகவில்லை, அதைத்தான் பார்த்தான். ஒரு விவசாயி இன்னொரு விவசாயியைப் பார்க்கிற பார்வை அது. அதை நினைத்தால் இப்போதும் மல்கியாவுக்குக் கூசியது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெயில் ஏறியது. பாதையில் ஒரு புள்ளி தெரிந்தது, பார்த்தால் விறகு சுமந்த ஒருத்தி, அவள் வேறு பக்கம் திரும்பிவிட்டாள். இந்தக் கிழவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? கழுதையில் ஏறி, வழியில் கிணறு கிணறாக நின்று, தண்ணீர் இறைக்க வருகிறவர்களிடம் குடும்பக் கதை கேட்டு, எந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தது, எந்த ஆடு ஈன்றது என்று விசாரித்து, அப்புறம்தான் அடுத்த கிணறு. தேசமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது, அவருக்கு ஆட்டுக் கதை. சே, அப்படி நினைக்கக் கூடாது, பெரிய மனுஷர். பெரிய மனுஷர் என்றால் நேரத்தோடு வரக் கூடாதா? பொழுது அடையறதுக்குள்ள என்றார், சரி, பொழுது இன்னும் உச்சிக்கே வரவில்லை, அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பு செய்திருந்தாலாவது கோபப்படலாம். சரி, அவர்தான் இப்படி, கர்த்தருக்கு என்ன? கேட்டால் ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை, அதற்கு ஒரு பிறைக் காலமா? மழையைக் கொடுத்தவரும் அவர்தானே. கொடுக்கிறபோது மண்ணின் கணக்குத் தெரியாமலா கொடுத்திருப்பார், மூன்றாம் நாள் பதம் என்று படைத்தவருக்குத் தெரியாதா, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் மழையேதான் பதில் என்று ஏன் இருக்கக் கூடாது? இந்த நினைப்பு வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பயத்தை ஒதுக்கி சந்தோஷத்தை மட்டும் இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தான். மழையே பதில். நல்ல வாக்கியம்தான், மூப்பர்கள் கேட்டால் தலையாட்டுவார்கள். யாமின் கேட்டால்? யாமின் கேட்கமாட்டான், அவன் தனக்கென்று எதையும் கேட்கிற பிள்ளையில்லை, சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட தண்ணீர் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லாமல் தண்ணீர்ப் பானையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் தலையைக் கத்தியின் அடியில் விடுவதா? சீச்சீ. அவனுக்காகத்தானே இந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பது. உட்கார்ந்தாயிற்றே, காலையிலிருந்து உட்கார்ந்துதானே இருக்கிறேன், இன்னும் எத்தனை நேரம் உட்காருவது? உச்சி சாய்ந்தபோது காலடியில் மண் ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவன் உற்றுப் பார்த்தான். மேட்டின் உச்சியில் ஒரு பாய் அகலத்துக்கு வெளுப்பு, சற்று நேரம் பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இரண்டு பாய் அகலம். மண் அவன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது, அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்காவது நெற்றியில் கைவைக்க அனுமதி உண்டு.

எப்போது எழுந்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மூட்டைக்குள் கைவிட்டு விதை சூடாகிவிட்டதா என்று பார்த்தான், அதுவரைக்கும் தெரியும். மணிகள் விரலிடுக்கில் குளிர்ச்சியாக ஓடின. ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். பிறகு அந்தப் பிடியை மூட்டைக்குள் திரும்பப் போட வேண்டியதுதானே, கை அந்தப் பக்கம் போகவில்லை, வழக்கமான பக்கம் போனது. தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, அரை வட்டம். மணிகள் ஒரே சீராய் விரிந்து விழுந்தன. பதினெட்டு வருஷத்தில் கை மறக்கவில்லை! அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டான். விழுந்தது விழுந்தாயிற்று, ஒரு மணி விழுந்தாலும் விழுந்ததுதான், மூட்டை விழுந்தாலும் விழுந்ததுதான், அப்புறம் ஒரு பிடியோடு நிறுத்தி என்ன புண்ணியம்? மூட்டையிலிருந்து மடிக்கு மாற்றிக்கட்டிக்கொண்டு நடந்தான். காலடிக்கு ஒரு வீச்சு. முதல் நடை, இரண்டாம் நடை. யாசுப் மறந்துபோனான், கோடாலி மறந்துபோனது, பசி மறந்துபோனது, இத்தனை வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ராஜாங்கம் இறங்கிப் போய்விட்டது. காலுக்கடியில் மண் மெத்தென்று அமுங்கிக் கொடுத்தது. வயலில் பாதிக்கு மேல் வீசியிருப்பான், தெற்கு வரப்பில் திரும்புகிறபோது கழுதை கனைக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தான். பாதையில் ஒரு கல்லெறி தூரத்தில் கழுதை நின்றிருந்தது, அதன் மேல் அசரேல் உட்கார்ந்திருந்தார், எண்ணெய்க் கொம்பு மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த விதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா” என்றான். வேறு என்ன சொல்வது, வந்தவரை வா என்றுதானே சொல்ல வேண்டும். அவர் மெல்ல இறங்கினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பது வயசு. “என்ன செஞ்சிட்டே மல்கியா?” என்றார். அவன் தயாராகத்தான் இருந்தான். “மண்ணு காயுதுங்கய்யா. ஜனங்க போய்க்கிட்டே இருக்காங்க. நீங்களும் வரக் காணோம். மழையைக் கொடுத்ததே கர்த்தர்தானேன்னு...” அவர் கையை உயர்த்தினார், அவன் நிறுத்தினான். “விதைக்கலாம்னுதான் சொல்லிட்டாரு” என்றார் அசரேல். “இந்த வருஷம் ஜனங்க பசியைப் பார்த்து விட்டுக்கொடுத்துட்டாரு. நாளைக் காலையில ஊரோட ஏர் கட்டலாம், வெயிலை நான் தணிக்கிறேன், மண்ணு காயாதுன்னாரு. இதைச் சொல்லத்தான் வேகமா வந்தேன், ஒரு கிணத்துலயும் நிக்கலை.” “அப்போ சரியாப் போச்சே!” என்று மல்கியா வாய்விட்டுச் சொல்லிவிட்டான். “என்னடா சரியாப் போச்சு?” என்றார் கிழவர். “நாளைக்குன்னு அவர் சொன்னதை நீ இன்னைக்குன்னு ஆக்கிட்டே. வேணாம்னு அவர் சொல்லி நீ மீறியிருந்தா அது ஒரு மாதிரி. கொடுக்க எடுத்த கையையே பிடிச்சு இழுத்திருக்கியே.” அவன் தலை குனிந்தான். தலை குனிந்தபோது மடியில் மிச்சமிருந்த விதை கண்ணில் பட்டது, கால் மரக்கால் தேறும், வடக்கு மூலைக்குப் போதாது. இந்த நேரத்திலா இந்தக் கணக்கு? தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. “யாமின்?” என்று கேட்டான். கிழவர் வானத்தைப் பார்த்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் கையை நீட்டி விரல்களை அடுக்கி அளந்தார். “எட்டு விரல் பொழுது இருக்கு. நான் சொன்ன கெடு இன்னும் முடியலை. நான் போய்க் கேட்டுப் பார்க்கிறேன். நீ ஒண்ணும் செய்யவேண்டாம். மடியை அவிழ்த்து வச்சிட்டு இங்க உட்காரு. பொழுது அடையற மட்டும் சும்மா உட்காரு. இதையாவது செய்டா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.” அவர் தள்ளாடி நடந்து அத்திமரத்தடிக்குப் போய் முகங்குப்புற விழுந்தார்.

அவன் உட்கார்ந்தான். நிஜமாகவே உட்கார்ந்தான், அதில் பொய்யில்லை. மடியை அவிழ்த்துத் தூர வைத்தான், கை இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டான். எட்டு விரல் என்ன, பதினெட்டு விரலானாலும் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டான். யாமின் முகத்தை நினைத்தான், தாடி கத்தரித்த முகம், அதையே நினைத்துக்கொண்டிருந்தால் பொழுது ஓடிவிடும். அம்மாடி, எவ்வளவு பெரிய கிருபை, ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்கிறார், மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை, பிள்ளையைப் பலிகொடுக்கச் சொல்லவில்லை. சும்மா இருக்கிறதற்கு ஒருவனுக்கு என்ன வலிமை வேண்டும்? அப்போது ஒரு புறா இறங்கியது. ஒன்றுதான். விதைத்த இடத்தில் தத்தித் தத்தி நடந்து கொத்தியது. அவன் “உஷ்” என்றான், உட்கார்ந்தபடியேதான். அது பறந்து நாலு புறாவோடு வந்தது. போகட்டும், நாலு புறா எவ்வளவு தின்னும்? பத்தானது. பிறகு காடே இறங்கினதுபோல் இறங்கின, பசி அவைகளுக்கும்தானே, வெட்டுக்கிளி அவைகளுக்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. விதையை வீசினால் உடனே ஏர் ஓட்டி மண்ணுக்குள் புரட்டிவிட வேண்டும், வீசிவிட்டு உட்கார்ந்திருக்கிற பைத்தியக்காரன் உலகத்தில் உண்டா? ஐயா அதை யோசிக்கவில்லை, அவருக்கு விவசாயம் தெரியாது, லேவி கோத்திரம், காணிக்கையில் சாப்பிடுகிறவர். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார், ‘மூடிட்டு உட்காரு’ என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் சும்மா என்றாரே. சும்மா என்றால் விதைக்காமல் என்று அர்த்தம். விதைக்கப் போவதில்லையே, ஒரு மணிகூட இனி வீசமாட்டேன், மூடுவது விதைப்பது ஆகுமா, செத்தவனைப் புதைப்பது கொலை ஆகுமா? அதுவுமல்லாமல் யார் விதை இது? இந்த வயலில் விளைகிறது முழுவதும் கர்த்தருக்கு என்று நேர்ந்துகொண்டால்? ஆமாம், நேர்ந்துகொண்டாயிற்று, இதோ, இந்த நிமிஷத்திலிருந்து இது கர்த்தருடைய விதை. கர்த்தருடைய விதையைப் பட்சி தின்ன ராஜா பார்த்துக்கொண்டிருக்கலாமா? அதுதானே பாவம்! எவ்வளவு அழகாக ஒன்றோடொன்று பொருந்திவிட்டது பார்த்தீர்களா. பொருந்தி முடித்தபோது அவன் ஏற்கெனவே ஏரின் மேழியைப் பிடித்திருந்தான். மயிலை தானாக நடந்தது. கொழு மண்ணுக்குள் இறங்கியதும் அந்தப் பழைய இழுவை தோள் வரைக்கும் ஏறியது, நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு சால், திரும்பி இன்னொரு சால். அத்திமரத்தடியில் கிடந்தவரை ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்தான், அவர் அசையவில்லை, நல்லது, அவர் கேட்கட்டும், நான் முடித்துவிடுகிறேன், இருவர் வேலையும் சேர்ந்தே முடியட்டும். மாட்டுக்குச் சத்தம் கொடுக்காமல் நாக்கைக்கூட மடிக்காமல் ஓட்டினான். கடைசிச் சால் முடித்து மாட்டைத் திருப்பி நிறுத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்தான். கோடு போட்டதுபோல் இருந்தது. ஒரு விதை வெளியே தெரியவில்லை.

அசரேல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. நெற்றியிலும் தாடியிலும் மண் ஒட்டியிருந்தது. அவர் மறுபடி கையை நீட்டி அடிவானத்தை அளந்தார். “ரெண்டு விரல்” என்றார். “ரெண்டு விரல்தாண்டா பாக்கி இருந்துச்சு.” திட்டுவார் என்று மல்கியா எதிர்பார்த்தான், அங்கியைக் கிழிப்பார், சாபம் போடுவார், அதற்கெல்லாம் அவனிடம் பதில் இருந்தது, புறா, நேர்ந்துகொண்டது, எல்லாம் வரிசையாக இருந்தது. கிழவர் அழுதார். சத்தம் போட்டு, மூக்கொழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “பட்சி தின்னுதுங்கய்யா” என்று சொல்லிப் பார்த்தான், சொன்னபோதே அசிங்கமாக இருந்தது. “தின்னட்டுமே! எல்லாத்தையும் தின்னிருந்தா உனக்கு ஒரு வயல்தானே நட்டம்” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போற வழியில அடிவாரத்துல சொல்லிட்டுப் போறேன், காலையில எல்லாரும் ஏர் கட்டட்டும். ஜனங்க சாப்பிடுவாங்க. நிலம் இந்த வருஷம் நல்லா கொடுக்கும். உன் நிலமும் கொடுக்கும்.” கழுதையைப் பிடித்தார். “வீட்டுல சாப்பாடு தயாரா இருக்குங்கய்யா. ஆடு அறுத்திருக்கு” என்றான் மல்கியா. அவர் ஏறி உட்கார்ந்து, அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எண்ணெய் ஊற்றிவிட்டுப் பார்த்தாரே, அதே மாதிரி பிரியமாகத்தான் பார்த்தார். பிறகு கழுதையை ஊர்ப்பக்கம் திருப்பாமல் வந்த வழியே திருப்பினார். யாமினுக்கென்று கொண்டுவந்த எண்ணெய்க் கொம்பின் வாய் அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

மல்கியா மாட்டை அவிழ்த்தான். ஏரைத் துடைத்தான். மேழியில் ஒட்டின மண்ணை நகத்தால் சுரண்டினான், அது போனதும் சுரண்ட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. செய்வதற்கு இனி ஒரு வேலையும் இல்லை. உட்கார்ந்தான். இப்போது உட்கார முடிந்தது, வேடிக்கைதான், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார முடியும்போல் இருந்தது. பாதையில் கழுதை சின்னதாகிக்கொண்டே போய் மேட்டில் ஏறி மறைந்தது. சூரியன் மலைக்குள் பாதி இறங்கியிருந்தது. இன்றைக்கு எதுவும் மாறிவிடவில்லை. நாளைக்கும் மாறாது. அவன் ராஜாதான், சாகும்வரை ராஜாதான், அதற்கு இன்னும் இருபது வருஷம்கூட ஆகலாம், அறுவடை வரும், ஜனங்கள் மோவாபுக்குப் போகமாட்டார்கள், ராஜா நல்ல ராஜா என்று பேசுவார்கள். அப்புறம் ஒரு நாள் எவனோ ஒருவன் குதிரையில் வந்து இறங்கி, யாமின் எங்கே என்று கேட்பான். இதை ஒரு வேற்றாள் வீட்டுச் செய்திபோல் நினைத்துப் பார்த்தான், ஒன்றும் வலிக்கவில்லை, வலிக்காதது அவனைப் பயமுறுத்தியது. அப்போது ஊர்ப்பக்கத்து ஒற்றையடிப்பாதையில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. யாமின். அங்கியில் சேறு படாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பு வரப்பாகத் தாண்டி ஓடிவந்தான். உழுத வயலைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், அப்பனின் முழங்கால் வரைக்கும் இருந்த மண்ணைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. உத்தரவு வந்திருக்கும், வந்துதான் அப்பா விதைத்திருப்பார் என்று அந்த முகம் தானாகவே நம்பிக்கொண்டது. முகமெல்லாம் சிரிப்பு. “அம்மா பந்தியெல்லாம் போட்டாச்சு, வாசல்ல மூப்பருங்க உட்கார்ந்திருக்காங்க” என்றான் மூச்சு வாங்க. “ஐயா வந்தாச்சாப்பா?”

மல்கியா எழுந்து, மண் கையைத் தன் அங்கியில் துடைத்துவிட்டு, மகனுடைய தலையில் வைத்தான். முடி காய்ந்துதான் இருந்தது.

“இன்னும் இல்லப்பா” என்றான். “வருவாரு. கொஞ்சம் பொறுத்திரு.”